வகுப்பில் வீடியோ சொதப்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

9 முதல் 12 வரை அறிவியல் எடுக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் வகுப்பில் எது நடக்கிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், கீழே வருகிற பாதிக் கோளாறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: "புரிஞ்சுது சார்" என்கிறார்கள், மறுநாள் கேட்டால் முழிக்கிறார்கள்

அதிகம் வருகிற கோளாறு இதுதான், கண்ணில் படாமல் ஒளிந்திருப்பதும் இதுதான். வகுப்பு அமைதியாக இருந்தது, வீடியோ தெளிவாக இருந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள். பிழை எங்கே?

தெளிவாக இருந்ததுதான் பிழை. ஒரு விஷயத்தைப் பற்றி மாணவர் மனதில் ஏற்கெனவே ஒரு தப்பான எண்ணம் இருந்தால், வழவழவென்று போகிற விளக்கத்தைப் பார்க்கும்போது அந்தப் பழைய எண்ணத்தையே வீடியோ உறுதிப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு திருப்தியாக எழுந்து போவார். சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் 2008-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். நேரடியாகச் சரியான விளக்கத்தைத் தந்த வீடியோவை மாணவர்கள் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள், ஆனால் தேர்வில் பெரிய முன்னேற்றம் இல்லை. வழக்கமான தப்பெண்ணங்களை முதலில் எடுத்துப் போட்டு, பிறகு அவற்றை உடைத்த வீடியோ அவர்களுக்குக் கஷ்டமாகத்தான் பட்டது, மதிப்பெண் என்னவோ அதைப் பார்த்தவர்களுக்குத்தான் கூடியது. நேரில் செய்துகாட்டும் சோதனைகளுக்கும் இதே கதைதான். ஹார்வர்டில் எரிக் மஸூரின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனையைச் சும்மா பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் காரணத்தை விளக்குவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொன்னவர்கள் மட்டும் தெளிவாக முன்னே இருந்தார்கள், அதற்கு ஆன கூடுதல் நேரமோ இரண்டு நிமிடம்தான்.

ஆகவே சரிசெய்யும் வழி: வீடியோவை ஓட விடுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு பதிலை எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும். வாயால் கேட்டால் முதல் பெஞ்ச் நாலு பேர் சொல்வார்கள், மற்றவர்கள் அவர்கள் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் ஒரு விரல், இரண்டு விரல் என்று நெஞ்சுக்கு நேராகக் காட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் பக்கத்து ஆளைப் பார்த்து மாற்றிவிடுவார்கள்.

நம்ம ஊருக்குப் பொருத்தமான கேள்வி ஒன்று. பருவகாலம் பற்றிய வீடியோ போடுவதற்கு முன், "பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது அக்னி நட்சத்திரத்திலா, மார்கழியிலா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அக்னி நட்சத்திரத்துக்குத்தான் விரல் உயரும். ஜனவரி முதல் வாரம், அதாவது பனிக்குல்லா போட்டுக்கொண்டு திரிகிற மார்கழியில்தான் பூமி சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடிக்குப் போய்விடுகிறது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். "அப்போ ஏன் சார் மே மாசம் இப்படிக் கொளுத்துது?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு வீடியோவை ஓட விடுங்கள். வராவிட்டால் நீங்களே கேட்டுவிட்டு ஓட விடுங்கள், ஆனால் கேள்விக்கு முன்னால் வேண்டாம்.

இதற்கு ஒரு செயல்பாடும் இருக்கிறது. சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும், நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. ஏப்ரல் கடைசியிலும் இது நடக்கும், ஆனால் அப்போது தேர்வு, விடுமுறை என்று பிள்ளைகள் கையில் கிடைக்க மாட்டார்கள். தெற்கே போகப் போக இந்தத் தேதி ஏப்ரலில் முன்னாலும் ஆகஸ்டில் பின்னாலும் நகரும். மேகம் வந்து கெடுத்தால் அடுத்த நாள் பாருங்கள், ஒரு நாள் தள்ளிப்போனால் பெரிய வித்தியாசம் தெரியாது.

விரல் எண்ணிக்கையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மஸூர் சொல்லும் கணக்கு கைகொடுக்கும். சரியான பதில் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்து ஆளோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே என்றால் அடிப்படையே இல்லை, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். மேலே என்றால் அந்த வீடியோவே தேவையில்லை, அடுத்ததற்குப் போகலாம்.

அறிகுறி: ஐந்தாவது நிமிடத்தில் பின்பெஞ்ச் தூங்குகிறது

வீடியோவின் நீளத்தைப் பாருங்கள். இணையவழிப் படிப்புகளை நடத்தும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை பிலிப் குவோவும் மற்றவர்களும் 2014-ல் ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப்பேர் 6 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அவர்கள் விருப்பப்பட்டுச் சேர்ந்த பெரியவர்கள். உங்கள் முன்னால் இருப்பது மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஓடாத மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயசு.

முழு வீடியோவையும் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 14 நிமிட வீடியோவில் உங்களுக்குத் தேவை நடுவில் இருக்கும் ஒன்றரை நிமிடமாக இருக்கலாம். முந்தின நாள் ஒருமுறை பார்த்து, எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி எங்கே நிறுத்துவது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டால் போதும். முன்னுரை, இசை, "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" எல்லாவற்றையும் தாண்டிவிடுங்கள்.

இன்னொன்று, நிறுத்துகிற இடம். விடை தெரிவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்த வேண்டும். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் பிடித்திருந்தார் அல்லவா, அவர் கையை விடுவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். சுத்தியல் 1.32 கிலோ, இறகு வெறும் 30 கிராம் என்று சொல்லி எது முதலில் விழும் என்று கேளுங்கள். விழுந்த பிறகும் விட்டுவிடாதீர்கள். உயரம் சுமார் 1.6 மீட்டர், விழ ஆகும் நேரம் ஏறக்குறைய 1.4 விநாடி. இரண்டையும் வைத்து நிலவின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொன்னால் 1.6 பக்கத்தில் வரும். வீடியோ அத்தோடு செயல்பாடாக மாறிவிடுகிறது, தூங்க நேரமில்லை.

விளக்கை முழுக்க அணைக்காதீர்கள். இருட்டில் எழுதவும் முடியாது, யார் தூங்குகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது.

அறிகுறி: படம் வருகிறது சத்தம் வரவில்லை, அல்லது ஒன்றுமே வரவில்லை

மடிக்கணினியை ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியிலோ புரொஜக்டரிலோ மாட்டியதும் சத்தம் அந்தப் பக்கம் போய்விடும். புரொஜக்டரில் பெரும்பாலும் உருப்படியான ஸ்பீக்கர் இருக்காது, ஆகவே மௌனப் படம். கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் சின்னத்தைத் தொட்டு, ஒலி வெளியேறும் இடத்தை மடிக்கணினிக்கோ நீங்கள் மாட்டிய ஸ்பீக்கருக்கோ மாற்றுங்கள். திரையில் படமே இல்லை என்றால் விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி இரண்டிலும் காட்டும்படி வையுங்கள். அதற்கும் வரவில்லையா, டிவியில் எந்த ஹெச்டிஎம்ஐ துளை தேர்வாகியிருக்கிறது என்று ரிமோட்டில் பாருங்கள். நூற்றுக்கு எழுபது தடவை அங்கேதான் இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை.

ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால், அல்லது கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்று கணினி சொன்னால், விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள். இலவசம், ஏறக்குறைய எல்லா வடிவத்தையும் ஓட்டும். ஆசிரியர்களுக்கு அதில் இன்னொரு லாபம் உண்டு. 'ஈ' விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு சட்டகமாக நகரும். பந்து விழுவதையோ ஊசல் ஆடுவதையோ அளக்க இதைவிட எளிய கருவி இல்லை.

டிவியில் நேராகச் செருகுவதற்காக பென் டிரைவில் ஏற்றும்போது பெரிய கோப்பு மட்டும் ஏறவில்லை என்றால், அந்த பென் டிரைவ் எஃப்ஏடி 32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது. 4 ஜிபி வீடியோவை வகுப்பில் போட நினைத்தால் மேலே உள்ள அறிகுறியை இன்னொரு முறை படியுங்கள்.

இணையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் வகுப்பில் இணையத்தை நம்பாதீர்கள், அவ்வளவுதான். பாடநூலில் இருக்கும் க்யூஆர் குறியீடு வழியாக டிக்‌ஷா செயலியில் வருகிற வீடியோக்களைப் பணியாளர் அறையிலேயே தரவிறக்கி வைக்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப் பயிற்சிகளையும் (திரையிலேயே அளவுகளை மாற்றிச் செய்துபார்க்கும் சோதனைகள்) அப்படியே. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம் அது, பல பயிற்சிகள் தமிழிலேயே கிடைக்கின்றன, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே உலாவியில் ஓடும். யூடியூபில் நேரடியாகப் போட்டால் சுவாசம் பாடத்துக்கு நடுவே எந்த விளம்பரம் வரும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெயிலில் திரை வெளுத்துப்போனால் ஜன்னலில் பழைய போர்வை. கரண்ட் போனால், முதல் அறிகுறியில் எழுதச் சொன்ன அந்தக் கேள்வி கரும்பலகையில் இருக்கிறதல்லவா, அதை வைத்து வாதாட விடுங்கள். வகுப்பு நிற்காது.

அறிகுறி: நல்ல வீடியோ, ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிறது

ஒலியை அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்கள் பேசினால் உங்கள் வகுப்புக்குத் தெரிந்த சொல்லில் வரும், வேண்டிய இடத்தில் நிறுத்தவும் முடியும். முதல் தடவை ஒலியில்லாமல் ஓட்டி "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்பது எனக்குப் பிடித்த முறை. காரணம் கேட்கக் கூடாது, பார்த்ததை மட்டும். ஒரே காட்சியில் எத்தனை பேர் எதையெதையோ பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

தமிழில் பேசுகிற வீடியோவில் அதே வசனம் கீழே எழுத்தாகவும் ஓடிக்கொண்டிருந்தால் எழுத்தை அணைத்துவிடலாம். கண் எழுத்துக்குப் போய்விட்டால் படத்தை யார் பார்ப்பது? ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றல் பற்றிச் செய்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. ஆங்கில உச்சரிப்பைப் பிடிக்கச் சிரமப்படும் வகுப்பில் ஆங்கில வீடியோ போடும்போது மட்டும் எழுத்து இருக்கட்டும்.

ஆங்கில வழி வகுப்பாக இருந்தாலும் விவாதத்தைத் தமிழில் விடுங்கள். எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

அறிகுறி: வீடியோ பார்த்த பிறகு புதிதாக ஒரு தப்பு முளைக்கிறது

ரத்த ஓட்டம் பற்றிய படங்களில் சிரையை நீலமாக வரைவது வழக்கம். பார்த்துவிட்டு, உடம்புக்குள் ரத்தம் நீலம், காற்றுப் பட்டால்தான் சிவப்பு என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் அடர்ந்த சிவப்பு. பூமியின் சுற்றுப்பாதையைச் சாய்வாகப் பார்ப்பதுபோல வரைவதால் அது முட்டை வடிவமாகத் தெரிகிறது, உண்மையில் ஏறக்குறைய வட்டம். முதல் அறிகுறியில் வந்த அக்னி நட்சத்திரக் குழப்பத்துக்கு இந்தப் படமும் ஒரு காரணம். மின்சுற்று அசைவூட்டங்களில் எலக்ட்ரான்கள் கம்பியில் பைக் ஓட்டுவதுபோலப் பறக்கும், உண்மையில் அவை நகரும் சராசரி வேகம் நத்தையைவிடக் குறைவு.

1940-ல் அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம் காற்றில் முறுக்கிக்கொண்டு இடிந்த படத்தை ஒத்ததிர்வுக்கு உதாரணமாகக் காட்டாதவர்கள் குறைவு. படம் அசல்தான், விளக்கம்தான் சரியில்லை. காற்றும் பாலத்தின் அசைவும் ஒன்றையொன்று தூண்டி வளர்த்துக்கொண்ட அதிர்வு அது. வெளியிலிருந்து யாரோ தாளம் தப்பாமல் தள்ளிவிட்டதுபோன்ற எளிய ஒத்ததிர்வு இல்லை. 12-ஆம் வகுப்பு என்றால் இந்த விவாதத்தையே வகுப்பாக்கலாம், 10-ஆம் வகுப்புக்கு ஊஞ்சலே போதும்.

முன்கூட்டியே பார்க்கும்போது, இதில் எது அளவுக்குப் பொருந்தாமல் வரையப்பட்டிருக்கிறது, எது வசதிக்காக நிறம் மாற்றப்பட்டிருக்கிறது என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ முடிந்ததும் "இதுல எது பொய்?" என்று பிள்ளைகளைக் கேட்பது இன்னும் நல்லது. ஆசிரியரே குறை சொல்லக் கூப்பிட்டால் அவர்களுக்கு ஏக உற்சாகம்.

அறிகுறி: செயல்பாடு என்றாலே வகுப்பு சந்தைக்கடை ஆகிறது

சத்தம் இரண்டு வகை. பல்ப் ஏன் எரியவில்லை என்று கத்துகிற சத்தத்தை விட்டுவிடுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அவரும் கோபப்பட மாட்டார், ஹெச்.எம். ரவுண்ட்ஸ் வந்தாலும் கரும்பலகையில் கேள்வி எழுதியிருப்பதைப் பார்த்தால் சும்மா கூச்சல் போடவில்லை என்று தெரிந்துகொள்வார்.

சரிசெய்ய வேண்டியது இன்னொரு சத்தம், அதாவது என்ன செய்வது என்று தெரியாமல் போடுகிற சத்தம். இதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான், பொருளைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் விளக்கியிருப்பீர்கள். பேட்டரியும் ஒயரும் கைக்கு வந்த பிறகு உங்கள் குரல் யார் காதிலும் விழாது. முதலில் விளக்கம், பிறகு "இப்ப முதல்ல என்ன செய்யப் போறோம்?" என்று யாரையாவது திருப்பிச் சொல்லவைப்பது, பிறகு குழுக்களாக உட்காருவது, கடைசியில்தான் பொருள். பொருளை வாங்க ஒரு குழுவுக்கு ஒரு ஆள் மட்டும் எழுந்து வர வேண்டும்.

குழு நாலு பேருக்கு மேல் போனால் ஐந்தாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார். 48 பேர் இருக்கும் வகுப்பில் 12 செட் பொருள் வேண்டுமே என்றால், ஆமாம், வேண்டும். அதனால்தான் விலை குறைந்த பொருளில் செய்யக்கூடிய செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். நூலும் கல்லும் வைத்து ஊசல், செம்பருத்திப்பூச் சாறு, மஞ்சள்தூள் தடவிய தாள், டார்ச் பல்ப். 12 செட் முடியவே முடியாத சோதனையா, அப்போது பாதி வகுப்பு செய்முறையிலும் மறுபாதி அதே கேள்விக்கான கணக்கிலும் இருக்கட்டும், 15 நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். பெஞ்சுகளை நகர்த்த வேண்டாம், முன் பெஞ்சில் இருக்கும் இருவர் திரும்பி உட்கார்ந்தாலே நாலு பேர் குழு தயார்.

நேரத்தைக் குறைத்துச் சொல்லுங்கள். 10 நிமிடம் ஆகும் வேலைக்கு "7 நிமிஷம்" என்று சொல்லி, கூடவே 3 நிமிடம் கொடுப்பது பழைய தந்திரம், இன்றும் வேலை செய்கிறது. பொருளைத் திரும்ப எண்ணி வாங்க மணி அடிப்பதற்கு 5 நிமிடம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

அறிகுறி: குழுவில் ஒருவர் மட்டும் எல்லாம் செய்கிறார்

வழக்கமாக வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவர். பெண்களும் ஆண்களும் கலந்த குழுவில் ஒயர் பையன் கையிலும் நோட்டு பெண் கையிலும் போய்ச் சேருவதையும் கவனியுங்கள், அது தானாக மாறாது. பொருளைக் கையாளுகிறவர், அளவெடுக்கிறவர், எழுதுகிறவர், கடைசியில் எழுந்து சொல்கிறவர் என்று பிரித்துவிட்டு ஒவ்வொரு வகுப்பிலும் மாற்றுங்கள். எழுந்து சொல்வது யார் என்பதை மட்டும் கடைசி நிமிடத்தில் நீங்கள் கைகாட்டினால், யாரைக் கூப்பிடுவாரோ என்ற பயத்தில் நாலு பேரும் தெரிந்துவைத்திருப்பார்கள்.

பாடப்பகுதியே பெரிதாக இருந்தால், எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கொண்டுவந்த முறையைப் பாருங்கள். பாடத்தை நாலு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று. ஒரே துண்டு கிடைத்தவர்கள் ஒன்றாகக் கூடிப் படித்துவிட்டுத் தங்கள் குழுவுக்குத் திரும்பிவந்து சொல்லித்தர வேண்டும். அவர் சொன்னால்தான் மற்ற மூவருக்கும் அந்தத் துண்டு கிடைக்கும்.

அறிகுறி: சோதனை செய்தால் புத்தகத்தில் உள்ள விடை வரவில்லை

இங்கேதான் பலர் சோதனையைக் கைவிட்டு வீடியோவுக்குத் தாவுகிறார்கள். தாவாதீர்கள், பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும்.

தனி ஊசல். ஈர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதிலாக 12 பக்கத்தில் வருகிறதா? ஊசலை விடும்போதே "ஒண்ணு" என்று எண்ணியிருப்பார்கள். விடும்போது பூஜ்யம், ஒரு முழு அலைவு முடிந்து திரும்பி வந்தால்தான் ஒன்று. 10 அலைவில் இந்த ஒரு தப்பு நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துவிடும், அது வர்க்கமாகி விடையைத் தூக்கிவிடும். நீளத்தைக் கல்லின் நடு வரை அளக்க வேண்டும், முடிச்சு வரை அல்ல. சரிபார்க்கச் சுலபமான வழி: 1 மீட்டர் நீள ஊசலுக்கு அலைவு நேரம் 2 விநாடி, 25 சென்டிமீட்டருக்கு 1 விநாடி.

ஓம் விதி. வரைபடம் நேர்கோடாக வராமல் வளைகிறது என்றால் டார்ச் பல்பை மின்தடையாகப் போட்டிருப்பீர்கள். இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும், வளைவதுதான் நியாயம். 100 ஓம் மின்தடை வாங்கி 1.5 வோல்ட் செல்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்துப் பாருங்கள், ஏறக்குறைய 15, 30, 45 மில்லி ஆம்பியர் என்று நேர்கோட்டில் வரும். அது முடிந்த பிறகு பல்பையும் போட்டுக் காட்டி ஏன் வளைகிறது என்று கேட்டால் இன்னொரு வகுப்புக்குப் பொருள் கிடைத்துவிடும். மல்டிமீட்டர் மின்னோட்டமே காட்டவில்லை என்றால் யாரோ அதை மின்னோட்ட அளவில் வைத்து நேராக பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்திருப்பார்கள், உள்ளே ஃபியூஸ் போயிருக்கும்.

நீரின் மின்னாற்பகுப்பு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2-க்கு 1 வர வேண்டிய இடத்தில் கணக்கு உதைக்கிறது, ப்ளீச்சிங் பவுடர் வாடையும் வருகிறதா? தண்ணீரில் சமையல் உப்பைப் போட்டிருக்கிறீர்கள். நேர்மின்வாயில் வருவது குளோரின். உடனே நிறுத்தி ஜன்னலைத் திறங்கள். உப்புக்குப் பதில் சலவை சோடா போடுங்கள். பென்சில் கரியை மின்வாயாக வைத்தால் ஆக்சிஜனில் கொஞ்சம் கரியோடு சேர்ந்துவிடும், அதனாலும் அளவு குறையும்.

இலையில் ஸ்டார்ச் சோதனை. இருட்டில் வைத்த இலையும் கருநீலமாகிறது என்றால் செடியை இருட்டில் வைத்தது போதவில்லை, இரண்டு நாள் வையுங்கள். எந்த இலையும் நிறம் மாறவில்லை என்றால் பச்சையம் சரியாக நீங்கவில்லை, அல்லது காலை முதல் பீரியடிலேயே இலையைப் பறித்திருப்பீர்கள். நல்ல வெயில் வாங்கிய பிறகு மதியம் பறியுங்கள், தடித்த இலை வேண்டாம். ஆல்கஹாலை நேரடித் தீயில் வைக்கவே கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும்.

அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் செம்பருத்திச் சாறு. நடுநிலைக்கு உதாரணமாக வைத்த தண்ணீரே பச்சை காட்டுகிறது என்றால் அது போர்வெல் தண்ணீராக இருக்கும், கொஞ்சம் காரத்தன்மை அதில் சகஜம். கேன் தண்ணீரில் செய்துபாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது, வீட்டுக்குப் போய் அவரவர் குழாய்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு வருவார்கள்.

விடை தப்பாக வந்ததை அடித்துவிட்டு புத்தகத்து எண்ணை நோட்டில் எழுதவிடாதீர்கள். வந்த எண்ணை எழுதி, ஏன் இப்படி வந்திருக்கும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பொதுத்தேர்வுச் செய்முறையில் எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும், அதை ஒன்பதாம் வகுப்பிலேயே பழக்க வேண்டாம்.

அறிகுறி: "சார், நோட்ஸ் குடுங்க, இதெல்லாம் வேணாம்"

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் நிச்சயம் வரும், பெற்றோரிடமிருந்தும் வரும். பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. ஹார்வர்டில் 2019-ல் வெளியான இயற்பியல் வகுப்பு ஆய்வில், தாங்களே முயன்று செய்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு நேர்மாறாக இருந்தது. இதை வருடத் தொடக்கத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுங்கள். கஷ்டமாக இருக்கும், அது மக்குத்தனம் இல்லை என்று.

இன்னொரு பக்கம், அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ரசித்துப் பார்த்ததை மதிப்பெண்ணாக மாற்ற யாராவது சொல்லித்தர வேண்டுமே. ஆகவே ஒவ்வொரு செயல்பாட்டின் கடைசி 8 நிமிடத்தை எழுத ஒதுக்குங்கள். பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களில் இந்தச் செயல்பாடு எதற்கு விடை தருகிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடித்து, புத்தகத்தைப் பார்க்காமல் நாலு வரியில் எழுத வேண்டும். கலைச்சொற்கள் இங்கே கண்டிப்பாக வர வேண்டும். "கரண்ட் குறையுது" என்று பேசியவர் "மின்னோட்டம் குறைகிறது, ஏனெனில் மின்தடை அதிகரிக்கிறது" என்று எழுதப் பழகுவது இந்த 8 நிமிடத்தில்தான். இது இல்லாமல் செய்முறை மட்டும் நடந்தால், நோட்ஸ் கேட்ட பிள்ளை சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

அறிகுறி: போர்ஷன் முடியவில்லை

எல்லாப் பாடத்துக்கும் வீடியோ தேடிக்கொண்டிருந்தால் முடியாதுதான். மேஜை மேல் செய்யக்கூடியதற்கு வீடியோ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கைக்கு எட்டாத அளவு பெரியது, மிக மெதுவாகவோ மிக வேகமாகவோ நடப்பது, ஆபத்தானது, இவற்றுக்கு மட்டும் வீடியோ. செல் பிரிதல், கண்டத்தட்டு நகர்வு, சோடியத்தைத் தண்ணீரில் போடுவது, அணுக்கருப் பிளவு. ஒளி விலகலுக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் பென்சிலும் இருக்கும்போது எதற்குத் திரை? வரையறைகளும் வகைப்பாடுகளும் மட்டும் இருக்கிற பாடத்தை நேரடியாக நடத்தி முடித்துவிடலாம், அதற்கு ஒரு செயல்பாடு கண்டுபிடிக்க முயல்வது வீண்வேலை. ஒரு பாடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், உங்கள் பழைய விடைத்தாள் கட்டே எது என்று சொல்லும். முயற்சியை அங்கே செலவிடுங்கள்.

அறிகுறி: வீட்டில் பார்த்து வரச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை

வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது, இரவு வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும். பார்த்தவர் பத்துப் பேர், பார்க்காதவர் முப்பது பேர் என்றால் மறுநாள் வகுப்பை யாரை வைத்து நடத்துவது? இதைத் திட்டித் திருத்த முடியாது. வீடியோவைப் பள்ளியிலேயே காட்டிவிடுங்கள், வீட்டுக்குப் போன் தேவைப்படாத வேலையைக் கொடுத்தனுப்புங்கள்: மின்கட்டண அட்டையில் இரண்டு மாத யூனிட் கணக்கு, மாடியில் மூன்று வேளை நிழலின் நீளம், அடுப்படியில் எதெல்லாம் அமிலம் எதெல்லாம் காரம். ஹைடெக் லேபில் மதிய இடைவேளையில் ஒரு கணினியைத் திறந்துவைக்க முடிந்தால், திரும்பப் பார்க்க விரும்புகிற நாலைந்து பேர் தானாகவே அங்கே வந்து நிற்பார்கள். அதற்கு ஹெச்.எம். அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சாவி யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.